ஹைபிரிட் சலுகை முதல் உரிமையாளரோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பெரிய பேட்டரியும் உள்ள ஹைபிரிட் காரை வாங்குகிறவர்கள் சுற்றுச்சூழல் மீதுள்ள அக்கறையால் வாங்குகிறார்கள், அதற்காக அரசாங்கம் வரியை விட்டுக்கொடுப்பது வீண் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். அக்கறை உள்ளவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டர்வொர்த்தில் என் தம்பியோடு சேர்ந்து கார் பட்டறை நடத்துகிறவள் நான். தம்பி வண்டிகளைப் பார்க்கிறான். கணக்கு எழுதுவதும், என்ன பழுது, எவ்வளவு ஆகும் என்று வண்டிக்காரர்களிடம் எடுத்துச் சொல்வதும் என் வேலை. எங்களிடம் வரும் பழைய ஹைபிரிட் கார்களின் பதிவு ஆண்டைப் பார்த்தால் பெரும்பாலும் 2011, 2012, 2013 என்றே இருக்கிறது. அந்த ஆண்டுகளை மற்ற ஆண்டுகளிலிருந்து பிரித்துக் காட்டியது வரிதான்.

நினைவுபடுத்திச் சொல்கிறேன். மலேசியாவில் 2,000 சிசிக்கு உட்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இறக்குமதி வரி முழுதாகவும் கலால் வரி பாதியும் தள்ளுபடியாயின. 2011 தொடங்கியதும் இரண்டு வரிகளும் முழுதாக நீங்கின. முதலில் ஓராண்டுக்கு என்றார்கள், பிறகு 2013 இறுதி வரை நீட்டித்தார்கள். நம் நாட்டில் காருக்கான கலால் வரி 60 விழுக்காட்டில் தொடங்கி 100 விழுக்காட்டுக்கும் மேலே போகும். அதை எடுத்துவிட்டால் விலை எப்படி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஹோண்டா இன்சைட்டும் டொயோட்டா பிரியஸ் சியும் ஒரு லட்சம் வெள்ளிக்குள் வந்தன. சாதாரண சம்பளக்காரர்கள் ஹைபிரிட் பற்றிப் பேசத் தொடங்கியது அப்போதுதான். 2014 பிறந்ததும் இறக்குமதி வண்டிகளுக்குச் சலுகை நின்றது. மலாக்காவில் பொருத்தப்பட்ட ஜாஸ் ஹைபிரிட் போன்ற உள்நாட்டு வண்டிகளுக்கு மட்டும் 2015 இறுதி வரை தொடர்ந்தது. இறக்குமதி வகைகள் ஒவ்வொன்றாகக் காட்சியறைகளிலிருந்து காணாமற்போயின.

மிச்சமாகும் பெட்ரோலுக்காகவே மக்கள் வாங்கமாட்டார்களா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிறையிலிருந்து பாலம் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற ஒருவர் மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண 1.5 லிட்டர் கார் நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடித்தால் மாதம் 84 லிட்டர். பால நெரிசலில் நின்று நின்று போகிற ஹைபிரிட் 4.5 லிட்டரில் ஓடினால் 54 லிட்டர். மிச்சம் 30 லிட்டர். மானிய விலையில் பெட்ரோல் தரும் புடி95 திட்டத்தில் லிட்டர் 1 வெள்ளி 99 காசு, ஆக மாதம் ஏறத்தாழ 60 வெள்ளி. ஒன்பது ஆண்டுக் கடன் முடியும் வரை சேர்த்தாலும் 6,500 வெள்ளியை எட்டாது. கடையில் ஹைபிரிட்டுக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் வெள்ளி கூடுதலாகக் கேட்டால் குடும்பக்காரர் எவரும் தயங்குவார். பெட்ரோல் மலிவாக இருக்கும் நாட்டில் வாங்குபவரின் கையைப் பிடித்து அழைத்துப்போவது விலைச்சீட்டுதான்.

எந்த வகைச் சலுகை வேலை செய்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 2006 முதல் 2010 வரை ஹைபிரிட் வாங்கியவர்களுக்கு மத்திய அரசு வருமான வரியில் 3,400 டாலர் வரை கழித்துக் கொடுத்தது. மாநிலங்களும் தம் பங்குக்கு உதவின. சில மாநிலங்கள் வருமான வரியில் கழித்தன, சில வாங்கும்போதே விற்பனை வரியைத் தள்ளுபடி செய்தன. அந்த மாநிலச் சலுகைகளை ஒப்பிட்டுப் பார்த்த கெல்லி சிம்ஸ் கலாகர், எரிக் முலெகர் என்னும் ஆய்வாளர்கள் 2011-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு சலுகைகளின் மதிப்பும் ஒன்றாகவே இருந்தாலும், விற்பனை வரித் தள்ளுபடி கூட்டிய ஹைபிரிட் விற்பனை, வருமான வரிக் கழிவு கூட்டியதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம் என்று கண்டார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டு வருமான வரிப் பாரத்தில் கிடைக்கப்போகும் பணத்தை நம்பி இன்றைக்கு யார் முன்பணம் கட்டுவார்? நம் மக்களில் பலருக்கு வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லை. அவர்களுக்கு அந்தக் கழிவால் ஒரு காசு பயனும் கிடையாது.

நம் நாட்டிலேயே அதைக் கண்கூடாகப் பார்த்தோம். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 15 முதல், உள்நாட்டில் பொருத்தப்பட்ட கார்களுக்கு விற்பனை வரி முழுதாகவும், இறக்குமதிக் கார்களுக்குப் பாதியாகவும் நீக்கப்பட்டது. 2022 ஜூன் 30-க்குள் முன்பதிவு செய்துவிட்டால் 2023 மார்ச் 31 வரை பதிவு செய்துகொள்ளலாம் என்று அறிவித்ததும் மக்கள் காட்சியறைகளுக்கு எப்படி ஓடினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் வாடிக்கையாளர்களில் சிலர் ஓடிக்கொண்டிருந்த நல்ல வண்டியை விற்றுவிட்டுப் புதியதற்குப் பதிந்தார்கள். சலுகை முடிவை மாற்றுமா என்ற கேள்விக்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

என் மனத்தை அரிக்கும் விஷயம் வேறு. சலுகை முதல் உரிமையாளரை நோக்கித்தான் வருகிறது. கார் அவரோடு முடிவதில்லை.

2012-இல் வரிச் சலுகையில் வாங்கிய வண்டியை அவர் ஏழெட்டு ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்கிறார். பழைய கார் கடைக்கு வரும்போது அதன் விலை விழுந்திருக்கும். விலை விழுந்ததற்குக் காரணம் பின்புறத்தில் இருக்கும் பெரிய பேட்டரி. வாங்க வருகிறவர் அதை அறியமாட்டார். அவர் பெரும்பாலும் பிறை, சுங்கை பட்டாணி, நிபோங் திபால் பக்கத்துத் தொழிற்சாலை ஊழியர், பாதுகாவலர், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மா. குறைந்த விலைக்குக் கார், பெட்ரோலும் மிச்சம் என்று மகிழ்ந்து கடன் வாங்கிவிடுகிறார்.

ஷிப்டு வேலைக்குப் போகும் ஒரு பெண் பழைய கார் கடை ஒன்றில் 2012-ஆம் ஆண்டு ஹைபிரிட்டை வாங்கினார். வாங்கிய சில மாதங்களில் பாலத்தின் மீது எச்சரிக்கை முக்கோணம் எரிந்தது. கரையேறி ஓரமாக நிறுத்தியவருக்கு மறுபடி வண்டியைக் கிளப்ப முடியவில்லை. இழுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அந்த வகை வண்டியில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பெரிய பேட்டரியின் மின்சாரத்தால்தான் எஞ்சின் சுழன்று உயிர் பெறும், பேட்டரி செத்தால் காரும் நின்றது நின்றதுதான். தம்பி கணினியைச் சொருகிப் பார்த்தான். பழைய பிழைக் குறிகள் எல்லாம் விற்பதற்குச் சற்று முன்பு அழிக்கப்பட்டிருந்தன. "அக்கா, இன்னும் ஆறு ஆண்டு கடன் இருக்கிறது. பேட்டரிக்கு வேறு கடன் வாங்க வேண்டுமா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் பலரிடமிருந்து கேட்டுவிட்டேன். விலையைச் சொன்னதும் முகம் மாறுவதைப் பார்க்கிற வேலை எனக்கு.

இந்தப் பேட்டரிகள் எப்படிக் கெடுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், வண்டி வைத்திருக்கும் சிலருக்காவது உதவும். அந்தக் காலத்து ஹைபிரிட்களில் பெரும்பாலும் இருப்பது நிக்கல் வகைப் பேட்டரி. அதற்கு வெயிலும் வெப்பமும் எதிரி. அதைக் குளிர்விக்க ஒரு சிறிய காற்றாடி, பயணிகள் அமரும் பகுதியிலிருந்து காற்றை இழுக்கிறது. பிரியஸ் சியில் அந்தத் துளை பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே பள்ளிப் பையை வைத்து அடைத்துவிடுவார்கள். தூசியும் பூனை முடியும் உள்ளே போய்க் காற்றாடியை மூடிவிடும். பேட்டரி சூடேறி, அதனுள் வரிசையாக இருக்கும் சிறு பேட்டரிகளில், அதாவது கட்டங்களில், ஒன்று பலவீனமாகும். ஒன்று போனால் மற்றவற்றையும் இழுத்துவிடும். வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பதும் கேடு. காற்றாடியை அவ்வப்போது கழற்றித் துடைத்தாலே பல பேட்டரிகள் கூடுதல் ஆண்டுகள் உழைக்கும். முதல் உரிமையாளருக்கு உத்தரவாதம் இருந்தது, சர்வீஸ் நிலையம் இருந்தது. மூன்றாம் உரிமையாளரிடம் இதை எவரும் சொல்வதில்லை.

பேட்டரி மாற்றக் கையில் காசில்லாதவர் என்ன செய்கிறார்? எங்கோ கழற்றிய பழைய கட்டங்களை ஒட்டுப்போட்டுத் தருகிறார்கள், அதைப் பூட்டிக்கொள்கிறார். சில மாதங்களில் திரும்ப வருகிறார். ஹோண்டா வகைகளில் சில, பேட்டரி பலவீனமானாலும் வெறும் எஞ்சினில் ஓடும், அப்படியே ஓட்டுகிறார்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நாட்டின் கருவூலம் எந்த வண்டிக்கு வரியை விட்டுக்கொடுத்ததோ, அதே வண்டி சாதாரணக் காரைவிட அதிகப் பெட்ரோல் குடித்துக்கொண்டு திரிகிறது. பலர் பழைய இரும்புக்கு விற்றுவிடுகிறார்கள். இதற்காகத்தான் சலுகை வீண் என்று எழுதிய வாசகரோடு நான் பாதி வழியாவது உடன்படுகிறேன். வரியை விட்டுக்கொடுத்தது வீணல்ல, பாதியில் கைவிட்டதுதான் வீண்.

என் கோரிக்கைகள் இரண்டு. முதலாவது, உத்தரவாதம் முடிந்த ஹைபிரிட் வண்டிகளுக்கான புதிய மாற்று பேட்டரிகள் எந்த வரியும் ஏறாமல் வாங்குபவரின் கைக்கு வரவேண்டும். தள்ளுபடி ரசீதிலேயே தெரியவேண்டும், பிறகு பாரம் நிரப்பித் திரும்பப் பெறும் ஏற்பாடு வேண்டாம். பழைய பேட்டரியை ஒப்படைத்தால்தான் சலுகை என்று நிபந்தனை வைத்தால் அது குப்பைமேட்டுக்கும் போகாது. இரண்டாவது, பழைய ஹைபிரிட்டைப் பெயர் மாற்றும்போது, இப்போது செய்யும் வாகனச் சோதனையோடு பேட்டரியின் நிலையைக் காட்டும் அறிக்கையும் கட்டாயமாகவேண்டும். எங்கள் போன்ற சிறிய பட்டறையிலேயே கணினியைச் சொருகினால் ஒவ்வொரு கட்டத்தின் மின்னழுத்தமும் திரையில் வந்துவிடுகிறது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வாங்குபவர் முடிவு செய்யட்டும்.

மின்சாரக் கார்களுக்கும் இதே பாதை காத்திருப்பதால்தான் இப்போது எழுதுகிறேன். முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கு 2025 டிசம்பர் 31 வரையும், உள்நாட்டில் பொருத்தப்படுபவைக்கு 2027 டிசம்பர் 31 வரையும் வரி விலக்கு என்று அறிவித்தார்கள். வீட்டில் மின்னேற்றி வைக்கிறவர்களுக்கு வருமான வரியில் 2,500 வெள்ளி வரை கழிவும் வந்தது. தரைவீடு உள்ளவருக்கு அது உதவும். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பதினைந்தாவது மாடியில் குடியிருப்பவர் எங்கே மின்னேற்றி வைப்பார்? கம்பி சொருகத் தேவையில்லாத ஹைபிரிட்தான் அவருக்கு எட்டும் வண்டி, அதுவும் பழைய ஹைபிரிட். இன்னும் எட்டுப் பத்து ஆண்டுகளில் இன்றைய மின்சாரக் கார்களும் பழைய கார் கடைக்கு வந்து அவரைப் போன்றவர்களிடமே போய்ச்சேரும். அவற்றின் பேட்டரி இதைவிடப் பல மடங்கு பெரியது.

ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பு நிதியமைச்சு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. மேலே சொன்ன இரண்டு கோரிக்கைகளையும் மலாய் மொழியில் எழுதி அனுப்பப்போகிறேன். பெருநிலத்திலும் தீவிலும் ஹைபிரிட் பழுது பார்க்கும் பட்டறைக்காரர்கள், பழைய ஹைபிரிட் வைத்திருப்பவர்கள், தங்கள் வண்டியின் பதிவு ஆண்டையும் பேட்டரிக்குச் செலவான தொகையையும் குறிப்பிட்டு இதே கோரிக்கையை அனுப்பவேண்டும். அக்டோபரில் திட்டம் தாக்கலாகும் முன்பு அந்த எண்கள் அமைச்சின் மேசையில் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
கார் பட்டறை நடத்தும் வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு