செங்கல் சூளைக் குடும்பங்களுக்கும் அவர்கள் மொழியை எங்களுக்குத் தந்தவர்களுக்கும் நன்றி

திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பங்களுக்கும், அவர்களோடு பேச எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூகவியலும் மொழிகளும் சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் நாங்கள். இந்தப் பருவத்தின் களப்பணி முடிந்துவிட்டது. யாருக்கு எதற்காகக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். அடுத்து வரும் மாணவர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி, பலாங்கீரிலிருந்து வந்து இங்கே செவிலியர் படிப்புப் படிக்கும் தங்கைகள் இருவருக்கு. வினாப்பட்டியலை ஒடியாவில் தயாரித்தால் போதும் என்று நினைத்திருந்தோம். ஆனால் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கத்து மக்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி. 'போவேன்' என்பதற்குப் பாடநூல் ஒடியாவில் 'ஜிபி', சம்பல்புரியில் 'ஜிமி'. வீட்டைப் பாடநூல் ஒடியாவில் 'கொரொ' என்று இழுப்பார்கள், சம்பல்புரியில் 'கர்' என்று வெட்டிச் சொல்வார்கள். பாடநூல் மொழியில் கேட்டால் கேட்பவர் அதிகாரியாகத் தெரிவார், பதிலும் 'ஆமாம் ஐயா'வோடு நின்றுவிடும். தங்கைகள் இருவரும் தனித்தனியே சம்பல்புரியில் மாற்றித் தந்தார்கள். மூலத்தைப் பார்க்காத மூன்றாம் ஒருவர் அதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தார். எங்கள் மூலத் தமிழும் அவர் தந்த தமிழும் ஒத்துப்போகாத இடங்களில்தான் கேள்வியே பிழை என்று தெரிந்தது.

அந்த மூன்றாமவர் ஓர் உணவகத் தொழிலாளி. இரவு வேலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து செய்து கொடுத்தார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

சூளைப் பெரியவர்களே, எங்கள் படிவத்தைத் திருத்தியவர்கள் நீங்கள். 'கடன் இருக்கிறதா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும். ஊரில் சர்தாரிடம் (ஆள் சேர்க்கும் தரகரிடம்) வாங்கிய முன்பணத்தை நீங்கள் கடன் என்று சொல்வதில்லை. 'எவ்வளவு வாங்கினீர்கள், இதுவரை எவ்வளவு கழிந்தது, கணக்குத் தீராமல் ஊருக்குப் போக விடுவார்களா?' என்று மூன்றாகப் பிரித்துக் கேட்ட பிறகே உண்மை வந்தது. கடைசிக் கேள்வியைச் சேர்க்கச் சொன்ன வழக்கறிஞருக்கும் நன்றி. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்துக்காக ஒருவர் வேறிடம் போகும் உரிமையையோ வேறு வேலை தேடும் உரிமையையோ இழந்தால் அது கொத்தடிமை முறை. தொகை மட்டும் எழுதிவந்தால் அது தெரியாது.

கூலிப் பத்தியிலும் பெரிய தவறு இருந்தது. ஆளுக்கு ஒரு வரி போட்டிருந்தோம். கணவன், மனைவி, கூட ஒரு பிள்ளையோ உறவினரோ சேர்ந்த குழுவை 'பதுரியா' என்பார்கள். முன்பணமும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கூலியும் அந்தக் குழுவுக்கே. கணக்கு ஆண் பெயரில். எங்கள் படிவத்தில் மனைவியின் வரியில் பூஜ்யம் விழுந்தது. அப்போது ஓர் அம்மா ஈரமண் ஒட்டிய விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினார்: மண் குழைப்பது யார், உருண்டை பிடித்துக் கொடுப்பது யார், அச்சில் அடிப்பது யார், காயும் கல்லைப் புரட்டிப் போடுவது யார் என்று. நான்கு கோட்டில் மூன்று அவருடையவை. அன்றே பத்தியை மாற்றினோம். இப்போது கூலிக்கு முன் வேலையைக் கேட்கிறோம், பெண்களிடம் தனியாகக் கேட்கிறோம்.

தேதி விஷயமும் அப்படித்தான். 'எந்த மாதம் வந்தீர்கள்?' என்றால் குத்துமதிப்பாக ஒரு பதில் வரும். 'நுவாகாய் முடிந்து எத்தனை நாளில் முன்பணம் வாங்கினீர்கள்? பூஸ் பூனிக்கு முன்பா, பின்பா வந்தீர்கள்?' என்றால் சரியாகச் சொல்கிறார்கள். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வரும் புத்தரிசித் திருநாள் நுவாகாய். பூஸ் பூனி பௌஷ மாதப் பௌர்ணமியில், நம் மார்கழியிலோ தையிலோ வரும் திருநாள்.

சூளைப் பள்ளிப் பிள்ளைகளே, எண்களை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு பள்ளிச் சிறுவர்களோடு மணலில் எழுதித்தான் தமிழ் கற்றார் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அதேபோல நீங்களும் உங்கள் ஒடியாப் பாடநூலை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, நாங்கள் தப்பாக உச்சரித்தபோதெல்லாம் நிறுத்தினீர்கள்.

எங்கள் போதகர் ஐயாவுக்கு ஒரு தனி நன்றி. களத்தில் துண்டுப் பிரசுரம் கூடாது, ஜெபக்கூட்டம் கூடாது, பரிசுப் பொருளும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவர் அவர். முன்பணத்தில் கட்டுண்டவர்களால், கையில் பொருளோடு வருபவரிடம் 'முடியாது' என்று சொல்ல இயலாது. பிறகு அவர்கள் தரும் சம்மதத்துக்கு மதிப்பில்லை. மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது வாங்கிய சம்மதமும் அப்படியே. அதனால் நண்பகல் ஓய்வில், 20 நிமிடத்துக்கு மிகாமல், வாய்மொழிச் சம்மதம் பெற்றே பேசினோம். படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும். பெயர்ப்பட்டியல் தனிப் பூட்டில் இருக்கிறது.

ஒரு மணி நேரப் பதிவை எழுதி மொழிபெயர்க்க ஐந்தாறு மணி நேரம் பிடித்தது. இரவில் மொழி ஆய்வகத்தைத் திறந்து வைத்த உதவியாளர் அண்ணனுக்கும், உணவு நேரம் தவறி வந்தவர்களுக்குச் சாதம் எடுத்துவைத்த விடுதி அக்காமாருக்கும் நன்றி.

மழைக்கு முன் நீங்கள் ரயில் ஏறுவதற்குள், எழுதியதைச் சம்பல்புரியில் உங்கள் முன் வாசித்துக் காட்டுவோம். வேண்டாம் என்று நீங்கள் சொல்லும் பகுதியை நீக்குவோம். உங்களிடம் கற்ற சொற்களின் நோட்டு துறை நூலகத்தில் இருக்கிறது. அதன் வலப்பக்கங்களை எழுதாமல் விட்டிருக்கிறோம், நீங்களும் தங்கைகளும் திருத்துவதற்காக.

நன்றியுடன்,
சமூகவியல், மொழிகள் துறை மாணவர்கள்