எருக்கம் புதரை விட்டுவைத்திருக்கிறேன்

அன்புள்ள முத்து,

உன் மனையைச் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்லி மாசியில் எழுதினாய். ஆடி பிறந்துவிட்டது, நான் பதிலே போடவில்லை. திட்டுவதானால் திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். வாத்தியார் பார்க்கும்போதெல்லாம் உன்னை விசாரிக்கிறார், அதே புளியமரக் கதையோடு.

ஜேசிபிக்காரரைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். சீமைக்கருவேலம் எல்லாம் எடுத்தாயிற்று. கிழக்கு மூலை எருக்கம் புதரில் மட்டும் கை வைக்க மனம் வரவில்லை. இலையில் ஒரு புழு. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்கள், முதுகில் மூன்று ஜோடிக் கொம்பு. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அது. அன்றிலிருந்து தினமும் காலையில் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆடுகூட ஒதுக்கும் செடி அல்லவா எருக்கு? அதன் பாலில் இருக்கும் நஞ்சு, செல்லிலிருந்து உப்பை வெளியே தள்ளும் பம்பை அடைத்துவிடும், இதயமே நின்றுபோகும். இந்தப் புழுவின் பம்பில் மட்டும் சின்ன மாற்றம், நஞ்சு அதில் சரியாக ஒட்டாது. ஆனாலும் பால் பிசின் மாதிரி, குட்டிப் புழு சிக்கினால் செத்துப்போகும். வளர்ந்த புழு என்ன செய்கிறது தெரியுமா? முதலில் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடுகிறது, அப்புறம்தான் இலையைத் தின்கிறது. கண்ணால் பார்த்தேன்டா!

யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. பால் குறைந்த செடியை ஆடுமாடு மேய்ந்துவிட்டது, பால் நிறைந்தது விதை விட்டது. அந்தப் பாலைத் தாங்கிய புழு முட்டையிட வளர்ந்தது. செடி சேர்த்த நஞ்சையே உடம்பில் வைத்துக்கொண்டு, பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது.

அதிலும் பங்கு கேட்க ஆள் வந்துவிட்டது. பருப்புக்கீரை தின்று வளரும் இன்னொரு பட்டாம்பூச்சி, நஞ்சே கிடையாது, ஆனால் அதன் பெண் அச்சு அசல் வெந்தய வரியன்தான். ஆண் கறுப்பு, இறக்கையில் வெள்ளைத் திட்டு. இப்படி வேஷம் போடும் பட்டாம்பூச்சிகளைப் பற்றி ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1862-லேயே எழுதியிருக்கிறார், அமேசான் காட்டில் 11 வருடம் அலைந்துவிட்டு. வேஷக்காரர்கள் பெருகினால் பறவைக்குப் பயம் விட்டுப்போகும், அதனால் அவர்கள் குறைவாக இருந்தால்தான் பிழைப்பு.

நேற்று மனது கனத்துவிட்டது. நான் பார்த்துவந்த பெரிய புழுவின் தோலைத் துளைத்துக்கொண்டு குளவிப் புழுக்கள் வெளியே வந்தன. இத்தனை நஞ்சும் குளவியிடம் பலிக்கவில்லை. வெகுநேரம் எழுந்திருக்கவே முடியவில்லை.

சரி, நீ வீடு கட்டத் தொடங்குவது தையில்தானே? கிழக்கு மூலையில் ஐந்தடி விட்டுப் போடச் சொல்லு. பிள்ளையாருக்கு மாலை கட்டவும் பூ கிடைக்கும். இன்று ஓர் இலைக்கடியில் புது முட்டை பார்த்தேன். நீ பதில் போடும்வரை ஜேசிபியை உள்ளே விடமாட்டேன்.

அன்புடன்,
சேகர்