‘சி’ என்ற ஒரு சொல்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. என் முழங்கால் இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போதுதான் கொஞ்சம் வலி. இரண்டு மாதம் படுத்தே கிடந்ததில் நிறையப் படித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபியின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ நாவலை முப்பது பக்கத்தோடு மூடி வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். பெயர்கள் வாயில் நுழையவில்லை, அவருடைய தாய்மொழியான இக்போவின் புரியாத வார்த்தைகள் வேறு, இது நமக்கான புத்தகம் இல்லை என்கிறாய். அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதல் தடவை நானும் தடுமாறினேன். என் பிரதியின் கடைசியில் ஒரு சொற்பட்டியல் இருந்தது. அங்கே ஒரு விரலும் கதையில் ஒரு விரலுமாகப் படித்ததில் கதை நகரவே இல்லை. இரண்டாம் தடவை அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் புத்தகம் என்னோடு பேச ஆரம்பித்தது.

‘சி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள். ஒருவனுக்கே உரிய தெய்வம் என்று பொருள். அதைத் தெரிந்துகொண்டால் போதுமா? கதாநாயகன் ஒகோன்க்வோவின் அப்பா கடனிலேயே வாழ்ந்து செத்துப்போனவர். அவருக்கு வாய்த்த சி மோசம் என்று கதை சொல்கிறது. அடுத்து, மகன் உழைத்து முன்னுக்கு வரும்போது ஒரு பழமொழி வருகிறது: ஒருவன் ‘ஆம்’ என்றால் அவனுடைய சியும் ‘ஆம்’ என்கிறது. பின்னால் நொடிந்துபோயிருக்கும் நாளில், பெரியவர்கள் சொன்ன அந்த வார்த்தையே பொய்யோ என்று அவன் நினைக்கிறான். நான் ‘ஆம்’ என்றாலும் என் சி ‘இல்லை’ என்கிறதே! அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். விதி என்றோ தலையெழுத்து என்றோ அங்கே மாற்றிப் போட்டிருந்தால் அந்த வலி இப்படி வந்திருக்காது.

நாள் கணக்கும் அப்படித்தான். இக்போ மக்களின் சந்தை வாரத்துக்கு நான்கே நாள்: ஏகே, ஓரியே, ஆஃபோ, ங்க்வோ. தெய்வங்கள் எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் ஏழு சந்தை வாரத்துக்கு மேல் பொறுக்கமாட்டார்கள் என்று ஓரிடத்தில் வருகிறது. நான் 49 நாள் என்று கணக்குப் போட்டேன். 28 நாள் என்று ஆசிரியரே பக்கத்தில் சொல்லிவிடுகிறார். அவர்களுடைய காலத்துக்குள் அப்போதுதான் நுழைந்தேன்.

பார், இந்த நாவல் 1958-ல் லண்டனில் வெளியானது. நைஜீரியாவுக்கு விடுதலை கிடைத்ததே 1960-ல்தான். ஆள்பவர்களின் மொழியில் எழுதி, அவர்கள் ஊரிலேயே அச்சிட்டும், சியைச் சியாகவே விட்டிருக்கிறார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

பெயர்களுக்கு அஞ்சாதே. ரஷ்ய நாவல்களில் திமீத்ரியும் மீத்யாவும் ஒரே ஆள்தான், அலெக்ஸேயும் அல்யோஷாவும் ஒரே ஆள்தான் என்று புரிவதற்குள் நாம் இரண்டு பேரும் பட்ட பாடு நினைவிருக்கிறதா? யார் எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே அன்பும் விலகலும் தெரிந்துவிடும் என்று அப்புறம் பிடிபட்டது.

ஆங்கிலத்தில் படிப்பதால் எல்லோருமே ‘யூ’. மனசுக்குள் ஓட்டும்போது, எங்கே ‘நீ’, எங்கே ‘நீங்கள்’ என்று நாம்தான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது. இகெமெஃபுனா என்று ஒரு பையன் வருவான். ஒகோன்க்வோ வீட்டில் மூன்று வருடம் வளர்ந்து, அவனை அப்பா என்றே கூப்பிடுவான். என் காதில் அவன் ‘நீ’ என்றுதான் பேசினான். அதற்குமேல் சொல்லமாட்டேன்.

திரும்ப முதல் பக்கத்திலிருந்து தொடங்கு. சொற்பட்டியல் இருந்தால் கிளிப் போட்டு மூடிவிடு. ஏழாம் அத்தியாயம் முடிந்த அன்று ராத்திரியே கூப்பிடு, எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
உன் நண்பன்