வாடைக்கு முதுகு காட்டி நில்

உ

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதிக்கொண்டது. நீ அனுப்பிய பறவைப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். லென்ஸ் சரியில்லையோ என்று கேட்டிருக்கிறாய். உன் 400 எம்எம் ஜூம் தாராளம் ஆத்தா, வேறு வாங்கிவிடாதே. எதனால் கெட்டது என்று படமே சொல்லிவிடும்.

உடம்பு தெளிவாக விழுந்து சிறகு நுனி மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. கொக்கு, நாரைக்கு 1/1600 நொடி போதும். பஞ்சுருட்டான், மீன்கொத்திக்கு 1/3200 வேண்டும். பறவை மங்கி, பின்னால் நிற்கிற கருவேல மரம் துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தாவிவிட்டது. பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே தொடர்கிற முறை ஒன்று உண்டு: கேனானில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. அதில் வைத்திருக்கிறாயா என்று முதலில் பார். படம் முழுக்க ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் தூரத்தில் எடுத்தவை எல்லாம் குழைந்து கிடந்தால் அது கானல். எந்த செட்டிங்காலும் அதைத் தீர்க்க முடியாது. பக்கத்தில் வருகிற பறவையை மட்டும் எடு, இல்லையென்றால் வீட்டுக்குக் கிளம்பு.

நீ கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காற்று. கொக்கோ நாரையோ, எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றுக்கு எதிரே முகம் வைக்கும். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. சூரியன் தென்கிழக்கில் எழுகிறது. கண்மாயின் கிழக்குக் கரையில் மேற்கே பார்த்து நின்றால் காற்று வலது தோளுக்குப் பின்னால், வெயில் இடது தோளுக்குப் பின்னால். இறங்குகிற பறவை உன் முகத்தைப் பார்த்தே வரும், கண்ணில் வெளிச்சமும் விழும். அதே பறவையை மேற்குக் கரையிலிருந்து எடுத்தால் வாலும் நிழலும்தான் மிஞ்சும். ஆடியில் கணக்கு அப்படியே மாறிவிடும்: மேல்காற்று, சாயங்கால வெயில், மேற்கே முதுகு. கண்மாய் வற்றிக் கிடந்தாலும் கம்பியில் பஞ்சுருட்டானும் கரிச்சானும் இருக்கும்.

அடுத்தது வெள்ளை. உன் படத்தில் கொக்கின் முதுகு சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப் போயிருக்கிறது, ஒரு இறகு தெரியவில்லை. கேமரா கறுத்த தண்ணீரைக் கணக்கில் எடுத்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. மடையான் கொக்கைக் கவனி. வரப்பில் உட்கார்ந்திருக்கையில் சேற்று நிறம், இருப்பதே தெரியாது. விரித்த நொடியில் சிறகெல்லாம் வெள்ளை. உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வெளிச்சம் வைத்தால் பறக்கிற படம் பாழ். அதனால் கேமரா தானாக மாற்றாதபடி மேனுவலில், வெள்ளைக்கென்றே வை. தெளிந்த வானம், காலை எட்டு மணி என்றால் எஃப் 6.3, 1/2000, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கு. ஒரு கொக்கை எடுத்து, அளவு மீறி வெளுத்த இடம் திரையில் மினுக்குகிறதா பார். மினுக்கினால் ஷட்டரை 1/2500 ஆக்கு. பின்னணி வானமானாலும் கருவேலமானாலும் பறவை மேல் விழுகிற வெயில் ஒன்றுதான். மேகம் மூடுகிறவரை எதையும் தொடாதே.

எழும்பப்போகிறது என்பதையும் மடையானே காட்டிக்கொடுக்கும். முன்னால் சாயும், கால் லேசாக மடங்கும். பல தடவை எச்சமிட்டுவிட்டுத்தான் கிளம்பும். சாய்கிறபோதே பொத்தானை அழுத்து. எழும்பின பிறகு அழுத்தினால் பாதிச் சிறகுதான் கிடைக்கும். நாலைந்து படமாக விட்டுவிட்டு எடு. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் எடுத்த படங்கள் தேங்குகிற பஃபர் நிறைந்து, நல்ல நேரத்தில் கேமரா நின்றுவிடும்.

பறக்கிறதை 400இல் தேடாதே. ஜூமை 200இல் வைத்துப் பிடித்து, பின்தொடர்ந்துகொண்டே 400க்கு இழு. பாதத்தை ஊன்றி இடுப்பை மட்டும் திருப்பு. பறவை வந்து முடிக்கிற பக்கம் பார்த்துப் பாதம் இருக்கட்டும், தொடங்குகிற பக்கம் அல்ல. படம் எடுத்து முடித்த பிறகும் ஒரு கணம் திருப்பிக்கொண்டே இரு.

ஊருணியில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடிக்கும். தலை அசையாது, உடம்பெல்லாம் அதிரும். அப்போது எடு. பாய்ச்சலைத் துரத்தாதே, கை எட்டாது. மீனோடு எழுந்து, பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும். படித்துறைக் கல்லோ கம்பியோ, அங்கே முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திரு. பஞ்சுருட்டானும் அப்படித்தான், தும்பியோடு அதே கம்பிக்கு வரும்.

முதல் வாரம் இவற்றிடம் போகாதே. டிராக்டர் உழுகிற வயலில் பின்னாலேயே நடக்கிற உண்ணிக்கொக்கு போதும். மெதுவாகச் சிறகடிக்கும், ஆளுக்கு அவ்வளவு பயப்படாது. அதில் பத்துக்கு நாலு தேறினால் வேட்டங்குடிக்குப் போகலாம்.

1977இல் பறவைகள் சரணாலயமான இடம் அது. நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் வரும். அங்கே இருக்கிற கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் காப்பாற்றுகிற பறவைகள். கரையை விட்டு இறங்காதே, கூட்டுக்கு நேரே ஃபிளாஷ் போடாதே. தாய் எழும்பினால் வெயில் குஞ்சைச் சுட்டுவிடும், காகம் முட்டையைத் தூக்கிவிடும். ஒரு பறவை உன்னையே பார்த்துக் கழுத்தை நீட்டினால் அந்த இடத்திலேயே நின்றுவிடு. மறுபடி இறகு கோதத் தொடங்கினால்தான் அடுத்த அடி.

தைக்கு வரும்போது லென்ஸ் ஹுட்டும், தலையை மூடுகிற மாதிரி மங்கலான பச்சைத் துணி ஒன்றும் எடுத்து வா. கரையில் நின்று லென்ஸ் மாற்றாதே, நம்ம செம்மண் உள்ளே போனால் லேசில் வராது.

அப்பச்சி