ரோசலின் கார்ட்டர் அம்மாவுக்கு, கடலைக் குடோன் கணக்கு பற்றி

அன்புள்ள ரோசலின் அம்மாவுக்கு,

வணக்கம். 2023 நவம்பரில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். அடுத்த வருடம் டிசம்பரில், நூறு வயதைத் தாண்டிய கையோடு, உங்கள் வீட்டுக்காரர், அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் போனார். அப்போது அவரைப் பற்றி வந்த கட்டுரைகளில் ஜனாதிபதி பதவி, ஈரான் பணயக் கைதிகள், நோபல் பரிசு எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. 1953 முதல் 1962 வரை ஜிம்மி என்ன செய்தார் என்பதற்கு மட்டும் ஒரே வரிதான்: கடற்படையை விட்டு ஊருக்குப் போய்க் கடலை வியாபாரம் பார்த்தார். நான் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறவள். அந்த வரியைப் படித்ததும், சரி, அந்தக் கணக்கை யார் எழுதினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. தேடிப் பார்த்தால் நீங்கள்!

அதற்கு முன்னால் உங்கள் கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் சில நூறு பேர் மட்டும் இருந்த ப்ளெயின்ஸ்தான் உங்கள் இருவருக்கும் ஊர். அப்பா போனபோது உங்களுக்கு 13 வயது. அம்மா ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார், நீங்கள் கூடமாட உதவினீர்கள். 1946 ஜூலையில், 18 வயதில், அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியை அப்போதுதான் முடித்திருந்த ஜிம்மியைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினீர்கள். மூத்தவன் வர்ஜீனியாவில் பிறந்தான், அடுத்தவன் ஹவாயில், மூன்றாமவன் கனெக்டிகட்டில். அவர் நாள்கணக்கில் கடலில் கிடப்பார். வீட்டு வாடகை, குழந்தைக்குக் காய்ச்சல், மாதச் செலவு எல்லாமே உங்கள் தலையில். ஆனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரம் உங்களுக்குப் பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் எப்படி இருக்கும்?

அவருக்கும் வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களை உருவாக்கிய ரிக்கோவரின் குழுவில் இடம் கிடைத்திருந்தது. 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் விபத்து நடந்தபோது, சேதமான உலையைப் பிரித்தெடுக்கும் வேலைக்குப் போன குழு ஒன்றுக்கு அவர்தான் தலைவர். ஒரு டென்னிஸ் மைதானத்தில் உலையைப் போலவே மாதிரி செய்துவைத்துப் பழகினார்கள். அப்புறம் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான். இறங்கி, திருகைக் கழற்றி, மேலே ஓடி வந்துவிட வேண்டும். அவரும் இறங்கினார். அப்போது அவருக்கு 28 வயது.

1953 ஜூலையில் மாமனார் கணையப் புற்றுநோயில் இறந்தார். ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து, அப்பா தங்களுக்கு என்னென்ன செய்தார் என்று சொன்னதில் ஜிம்மியின் மனம் மாறியது என்கிறார்கள். மாறட்டும், அது அவர் மனம். ஆனால் உங்களைக் கலந்துகொள்ளாமலே வேலையை விடுவதென்று முடிவு செய்துவிட்டாரே! நியூயார்க் மாநிலத்திலிருந்து ப்ளெயின்ஸ் வரை காரில் வந்தபோது நீங்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றாலும் மூத்தவன் ஜாக்கிடம் "அப்பாவிடம் சொல்" என்றீர்களாம். எங்கள் வீடுகளிலும் சண்டை வந்தால் தபால்காரன் வேலை பிள்ளைகளுக்குத்தான். இந்த விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

கடற்படை அவரை முற்றாக விடவில்லை. 1961 வரை, தேவைப்பட்டால் கூப்பிடுகிற ரிசர்வ் பட்டியலில் லெஃப்டினன்ட் என்று பெயர் இருந்தது. அது காகிதத்தில். பகலில் பார்த்தால் உர மூட்டை தூக்கினார், விதைக்கடலை விற்றார். குடியிருப்போ அரசு கட்டிய வாடகை வீடு. 1954-ல் வறட்சி. இந்த வியாபாரம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். விதைப்புக்கு விதையும் உரமும் கடனாகப் போகும், அறுவடை முடிந்தால்தான் பணம் திரும்பும். மழை பொய்த்தால் விவசாயிக்கு ஒரு நஷ்டம். கடைக்காரனுக்கு அவன் கணக்கில் இருக்கிற அத்தனை விவசாயிகளின் நஷ்டமும் சேர்ந்து வரும். அந்த முதல் வருடம் உங்களுக்கு 300 டாலர்கூடத் தேறவில்லை.

அப்புறம்தான் நீங்கள் கணக்கில் உட்கார்ந்தீர்கள். கணக்குப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நீங்களாகவே படித்தீர்கள். யார் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கில் லாபம் நிற்கிறது, எதை விட்டுவிடலாம் என்பதில் அவரை விட உங்களுக்குத் தெளிவு அதிகம் என்று இருவருமே சொல்லியிருக்கிறீர்கள். கடன் நோட்டு யார் கையில் இருக்கிறதோ கடை அவர் கையில். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தால் என்ன?

கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் வைக்கக் கூடாது என்று 1954-ல் தீர்ப்பு வந்த பிறகு, அதை எதிர்க்கிற வெள்ளையர் மன்றம் ஊருக்கு ஊர் முளைத்தது. ஜிம்மி சேர மாட்டேன் என்றார். ஐந்து டாலர் சந்தாவை நாங்களே கட்டுகிறோம் என்று வாடிக்கையாளர்களே வந்து கேட்டும் மறுத்துவிட்டார். குடோனைப் புறக்கணித்தார்கள், கொஞ்ச காலத்தில் அது அடங்கியது. இதை வைத்து அவரைப் பெரிய போராளியாக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1955 முதல் பள்ளி வாரியத்தில் இருந்தும் அந்த வருடங்களில் அவர் உரக்கப் பேசியது குறைவு. சின்ன ஊரில் கடை வைத்திருக்கிறவன் எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்து அளந்துதான் அடி வைத்தார். ஆனால் மறுக்க வேண்டிய இடத்தில் மறுத்தார். அன்று வராமல் போன வாடிக்கையாளர்களின் பெயர்கள் யார் கணக்கில் இருந்தன என்பதும் எனக்கு முக்கியம்.

1962 அக்டோபர் 1, அவருடைய 38-வது பிறந்தநாள். வேலைக்குப் போகும் உடுப்பை விட்டு நல்ல பேன்ட்டைப் போட்டார். எங்கே என்று கேட்டீர்கள். மாநில செனட்டுக்கு மனு கொடுக்கப் போகிறேன் என்றார். மறுபடியும் கேட்காமலே! அப்படிச் செய்தது தப்பு என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அவருக்கு எதிராக ஓட்டுப்பெட்டியில் நடந்த மோசடி, அவர் போட்ட வழக்கு, கடைசியில் ஜெயித்தது எல்லாம் ஊரறிந்த கதை. அவர் அட்லாண்டாவில் சட்டசபையில் உட்கார்ந்திருந்தபோது ப்ளெயின்ஸில் குடோனைப் பார்த்துக்கொண்டது நீங்கள்.

ஜனாதிபதி ஆனதும் குடோனை அட்லாண்டா வக்கீல் ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு இருவரும் வாஷிங்டன் போனீர்கள். 1981-ல் திரும்பி வந்து பார்த்தால் பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன். மூன்று வருட வறட்சியும் மேலாளர்கள் அடிக்கடி மாறியதும் காரணம் என்றார் ஜிம்மி. குடோனை விற்றுத்தான் கடனை அடைக்க முடிந்தது. வறட்சி 1954-லும்தான் வந்தது. அந்த நாலு வருடமும் நோட்டு உங்கள் கையில் இருந்திருந்தால், இரண்டாவது வருடமே கடன் கொடுப்பதை இறுக்கியிருப்பீர்கள், குடோன் விலை போயிருக்காது. எனக்கென்னவோ அப்படித்தான் படுகிறது.

இப்படிக்கு,
ஒரு கணக்குப்பிள்ளை