மன்ரோவில் மாலுக்கு ஒரு தடவை போய் வா

உறையூர்,
திருச்சி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். ஐப்பசி மழை விடாமல் பிடித்திருக்கிறது, கிணற்றில் தண்ணீர் மேலே வந்துவிட்டது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதபோது எனக்கு வார்த்தையே வரவில்லை. "சாப்பிட்டியா" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டேன். சோதனை சரியாக முடியாத ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீ சொன்னதும், அதற்காக அலுவலகத்தில் எல்லோரும் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. வைக்கும்போது போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய். குளிருக்குக் கோட்டு வாங்க மன்ரோவில் மாலுக்குப் போனாயாம். பாதிக் கடை மூடிக் கிடக்கிறதாம். வால்மார்ட் வாங்கிவிட்டதாம், இடித்துவிட்டு வேறு கட்டப் போகிறார்களாம்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ பிட்ஸ்பர்க் போய் ஒன்றரை வருடமாகிறது. பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் படம் எத்தனை அனுப்பியிருப்பாய்! அந்தக் கோயிலுக்குக் கிட்டத்திலேயே மன்ரோவில் இருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. பாப்பா, அந்த மாலின் எஸ்கலேட்டரை எனக்குப் பதினேழு வயதிலிருந்து தெரியும்.

தில்லை நகரில் மாமா வீடியோ கடை வைத்திருந்தது உனக்குக் கதையாகத் தெரியும். 1985. பிளஸ் டூ முடித்துவிட்டு நான் கடையில்தான் பாதி நாள் இருப்பேன். வந்த கேசட்டை ரீவைண்ட் பண்ணுவது, நாடா கசங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, டெக்கைத் திறந்து ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பது, இதெல்லாம் என் வேலை. கல்யாண வீட்டுக்காரர்கள் டிவியும் டெக்கும் நாலு படமுமாக வாடகைக்கு எடுத்துப் போவார்கள். சிங்கப்பூரிலிருந்து குருவிகள் கொண்டுவரும் கேசட்டுகளில் யாரும் எடுக்காத இங்கிலீஷ் படங்கள் ஒரு அட்டைப் பெட்டியில் கிடந்தன. மாமா அதன் மேல் மார்க்கரால் "பேய்" என்று எழுதி ஓரமாகத் தள்ளியிருந்தார். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, அந்தப் பெட்டியைப் பார்த்து முடித்தேன். எனக்கு மிகவும் பிடித்தவை எல்லாமே 1977-க்கும் 1979-க்கும் இடையில் வந்தவை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதில் ஒன்று டான் ஆஃப் தி டெட். 1978. ஜார்ஜ் ரொமேரோ எடுத்தது. செத்தவர்கள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நாலு பேர் ஹெலிகாப்டரில் தப்பி ஒரு பெரிய கடை வளாகத்தின் மொட்டை மாடியில் இறங்குகிறார்கள். உள்ளே போய்க் கதவுகளை அடைத்துக்கொள்கிறார்கள். துணி, நகை, சாப்பாடு, எல்லாம் அவர்களுக்கே. வெளியே பிணங்கள் கண்ணாடிக் கதவில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கின்றன. ஏன் இங்கேயே வருகிறார்கள் என்று அந்த நாலு பேரில் ஒரே பெண்ணான ஃபிரான் கேட்கிறாள். பழைய ஞாபகம், உயிரோடு இருந்தபோது இது அவர்களுக்கு முக்கியமான இடம் என்று பதில் வருகிறது. அந்த இடம்தான் நீ கோட்டு வாங்கப் போன மால்.

அப்போது திருச்சியில் மால் ஏது? எஸ்கலேட்டர் என்ற ஒன்றை நான் முதன்முதலில் பார்த்ததே அந்தக் கேசட்டில்தான். ஓடும் படியில் கால் வைக்கத் தெரியாமல் பிணங்கள் தடுமாறி விழும். கோடு கோடாக ஓடும் படத்தை ட்ராக்கிங் திருகித் திருகி நிறுத்திப் பார்த்தேன். பிறகு நீ நாலு வயதாக இருக்கும்போது சென்னையில் முதல் தடவை எஸ்கலேட்டர் முன்னால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்தக் காட்சிதான் கண்ணுக்குள் வந்தது. உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் இப்போது அந்தப் பட வேலை நடந்த விதத்தையெல்லாம் பார்க்கிறேன். 1977 கடைசியில் ஆரம்பித்திருக்கிறார்கள். மால் பகலில் வழக்கம்போல நடக்கும். ராத்திரி கடைகள் மூடிய பிறகு இவர்கள் உள்ளே போய் விடியும்வரை எடுப்பார்கள். கிறிஸ்துமஸ் அலங்காரம் வைத்ததும் படப்பிடிப்பை நிறுத்தி, அலங்காரம் எடுத்தபிறகு மறுபடி தொடர்ந்திருக்கிறார்கள். பிணங்களுக்கு ஒப்பனை போட்ட டாம் சவினி, வியட்நாம் போரில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்தவர். உண்மைச் சாவைக் கேமரா வழியாகப் பார்த்துவிட்டு வந்த கை அது. அதனால்தானோ என்னவோ, ரத்தம் பெயின்ட் மாதிரி பளீரென்று இருந்தாலும் அந்த முகங்கள் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

ஃபிரானாக நடித்த கெய்லன் ராஸ் படத்தில் அலற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பேய்ப் படத்தில் பெண் என்றால் அலறத்தான் வேண்டும் என்றிருந்த காலம். அவள் கர்ப்பிணி. அவளைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு, அவள் வயிற்றுக் குழந்தையை என்ன செய்வது என்று ஆண்கள் பேசுகிறார்கள். மறுநாள் அவள் சொல்கிறாள்: எந்த முடிவானாலும் எனக்கும் தெரிய வேண்டும், எனக்கு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. அவள் முகம் முழுசாகப் புரிந்தது. ரொமேரோ முதலில் எழுதிய முடிவில் அவளும் சாகிறாள், ஹெலிகாப்டர் இறக்கையில் தலையைக் கொடுத்து. பிறகு மாற்றிவிட்டார். படத்தில் பொழுது விடியும் நேரத்தில் அவள்தான் அதை ஓட்டிக்கொண்டு போகிறாள், எரிபொருள் அதிகம் இல்லாமல். நீ பிறந்த வருடம், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எதற்கு என்று அப்பா தடுத்தும் நான் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எதனால் அவ்வளவு பிடிவாதம் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது உனக்குச் சொல்கிறேன்.

அந்தப் படத்துக்கு இத்தாலி இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ உதவியிருக்கிறார், ரொமேரோவை ரோமுக்கு அழைத்து உட்காரவைத்து எழுதச் சொல்லியிருக்கிறார். அவருடைய சஸ்பிரியாவும் (1977) பெட்டியில் இருந்தது. சிவப்பும் நீலமும் வழியும் படம். கதை எனக்கு ஒட்டவில்லை. அந்தக் கோப்ளின் குழுவின் இசை மட்டும் இன்றைக்கும் ராத்திரி நேரத்தில் கேட்க மாட்டேன்.

ஹாலோவீன் பற்றி நீ சின்ன வயதில் என்னிடம் கேட்டிருக்கிறாய், நான் சொல்லவில்லை. ஜான் கார்ப்பென்டர் படம், 1978. மூன்று லட்சம் டாலருக்குக் கொஞ்சம் கூடுதலான செலவில், ஏறக்குறைய இருபது நாளில் எடுத்தது. கதை இலையுதிர் காலத்தில் நடக்கிறது, எடுத்ததோ கலிபோர்னியாவில் வசந்த காலத்தில். காகிதத்தில் இலை வெட்டிச் சாயம் பூசி, தெருவில் இறைத்து, காட்சி முடிந்ததும் கூட்டிப் பையில் அள்ளி, அடுத்த தெருவில் மறுபடி இறைத்திருக்கிறார்கள். கொலைகாரன் போட்டிருக்கும் முகமூடி, ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் முகம். இரண்டு டாலருக்கும் குறைவான பொம்மை முகமூடியை வாங்கி வெள்ளையடித்துக் கண் ஓட்டையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்தப் பேய்.

ரத்தம் அதில் அதிகம் கிடையாது. என்னைப் பிடித்து ஆட்டிய காட்சி பட்டப்பகலில் வருகிறது. லாரி என்ற அந்தக் கதாநாயகி தன் அறை ஜன்னலிலிருந்து கீழே பார்க்கிறாள். கொடியில் துணி காய்கிறது. நடுவில் அவன் நிற்கிறான். மறுபடி பார்த்தால் துணி மட்டும் ஆடுகிறது. அன்றைக்குச் சாயங்காலம் அம்மாச்சி என்னை மாடிக்குத் துணி எடுக்க அனுப்பினாள். மாமாவின் வேட்டிகள் காற்றில் உப்பி உப்பி அடங்கின. ஒவ்வொரு வேட்டியையும் விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

இசையும் கார்ப்பென்டரே. அவர் அப்பா இசைப் பேராசிரியர். மகனுக்குச் சிறுவயதில் போங்கோ மேளத்தில் ஐந்தடித் தாளம் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதுதான் இந்தப் பியானோ. எனக்கு இது எப்படித் தெரிந்தது தெரியுமா? நான் அப்போது பாட்டு கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். கேசட் டப்பாவில் விரலால் தட்டிப் பார்த்தால் தகிட தகிட தக தக, தகிட தகிட தக தக என்று விழுகிறது. பத்து அட்சரம், ஐந்து அடி. கண்டம்! நாலில் முடியும் என்று காது காத்திருக்கும்போது ஒன்று மிச்சமாகிக் கால் இடறுகிறது. அந்த இடறல்தான் பயம். வாத்தியாரிடம் தட்டிக் காட்டினேன், "எந்தக் கீர்த்தனை" என்று கேட்டார்.

அதே 1978 அக்டோபரில்தான் இங்கே பாரதிராஜாவின் சிகப்பு ரோஜாக்கள் வந்தது. கமலும் ஸ்ரீதேவியும். கிராமத்திலிருந்து அவர் கிளம்பி இப்படி ஒரு வீட்டுக்குள் நம்மைக் கொண்டு போவார் என்று யார் நினைத்தார்கள்? அந்த ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தபிறகு நம் வாசல் ரோஜாச் செடியை நான் ஒரு மாதம் தொடவில்லை. நினைவோ ஒரு பறவை பாட்டை இப்போதும் சமையல் நேரத்தில் பாடுகிறேன். ஆனாலும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அவன் கொலை செய்வதற்குக் காரணமாகச் சின்ன வயதில் அவனுக்குப் பெண்கள் செய்த கெடுதலைக் காட்டுகிறார்கள். ஹாலோவீனில் காரணமே கிடையாது. காரணம் இல்லாததுதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

இப்போது ஏலியன். 1979, ரிட்லி ஸ்காட். ஏழு பேர், ஒரு பூனை, ஒரு விண்கப்பல். உள்ளே ஒரு ஜந்து புகுந்துவிடுகிறது. திரைக்கதை எழுதிய டான் ஓ'பானன், எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்று குறித்து வைத்திருந்தாராம். அதனால்தான் கதாநாயகி ரிப்ளியாக சிகோர்னி வீவர் வர முடிந்தது. அந்த ஜந்துவை ஸ்விட்சர்லாந்து ஓவியர் கீகர் வடிவமைத்தார். அந்த உடைக்குள் இருந்தவர் போலாஜி படேஜோ என்ற நைஜீரிய மாணவர், ஏழடியை நெருங்கிய உயரம்.

சாப்பாட்டு மேஜையில் ஒருவன் நெஞ்சைப் பிளந்துகொண்டு அது வெளியே வரும். ஜந்து வரும் என்று நடிகர்களுக்குத் தெரியும், அவ்வளவு ரத்தம் பீய்ச்சும் என்று சொல்லவில்லை. வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் ரத்தம் அடிக்கும்போது அவர் பதறுவது நடிப்பில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாச்சி ஷட்டருக்குக் கீழே குனிந்து டிபன் கேரியரோடு உள்ளே வந்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். "யாருக்குப் பிரசவம்?" என்று கேட்டாள். ஏழு பெற்று இரண்டைப் பறிகொடுத்தவள். அந்தப் படத்தைப் பற்றிப் படித்தவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதைப் பிற்பாடு கேட்டிருக்கிறேன். அம்மாச்சி ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள்.

உனக்குச் சொல்ல வந்தது அதற்கு முந்தின காட்சி. முகத்தில் ஜந்து கவ்விய ஆளைத் தூக்கிக்கொண்டு கேப்டன் கப்பல் வாசலில் நிற்கிறான், கதவைத் திற என்கிறான். ரிப்ளி மாட்டேன் என்கிறாள். இருபத்து நாலு மணி நேரம் தனியே வைத்திருக்க வேண்டும் என்பது விதி, மீறினால் எல்லோரும் சாகலாம் என்கிறாள். குரலை உயர்த்தவே இல்லை. அவளை ஈரமில்லாதவள் மாதிரி பார்க்கிறார்கள். இன்னொருவன் கதவைத் திறந்துவிடுகிறான். பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ அழுதபோது இந்தக் காட்சிதான் எனக்கு வந்தது, சொல்லத்தான் தெரியவில்லை. நீ கதவைத் திறக்கவில்லை. அதற்காக மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறவர்கள் திருப்பிக்கொள்ளட்டும். வேலை போனால் போகட்டும், நம் வீட்டுக் கதவு உனக்கு எப்போதும் திறந்துதான் இருக்கிறது. அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார்.

எனக்காக ஒன்று செய். இடிப்பதற்குள் அந்த மாலுக்கு இன்னொரு தடவை போ. படத்தில் வரும் பனிச்சறுக்குத் தளம் இப்போது இருக்காது, 1980-களிலேயே எடுத்துவிட்டார்கள். ரொமேரோவுக்கு அங்கே மார்பளவு வெண்கலச் சிலை வைத்தார்கள், இன்னும் இருக்கிறதா என்று பார். பிறகு எஸ்கலேட்டர் பக்கத்தில் நின்று எனக்கு வீடியோ கால் போடு. போனை மெதுவாகச் சுற்றிக் காட்டு, அவசரப்படாதே. உனக்குச் சாயங்காலம் என்றால் எனக்கு விடியற்காலை. மாமாவையும் எழுப்பி உட்காரவைக்கிறேன், கண்ணுக்கு மருந்து விட்டுவிட்டால் அவருக்கு நன்றாகத் தெரியும்.

பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் அடுத்த வாரம் பார்சலில் வரும். புதுக் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போடு.

அன்புடன்,
அம்மா