கேமரா தோள் பை: தவறான உள்ளளவும் உடைந்த கொக்கியும் பற்றிய புகார்

பெறுநர்
பொறுப்பாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தோள் பையின் உள்ளளவு தவறாகக் கொடுக்கப்பட்டிருப்பது, வாரின் கொக்கி உடைந்து லென்ஸ் பழுதானது – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெரிய கேமரா தோள் பையை வாங்கி நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் அதன் வார்க் கொக்கி உடைந்து, பை என் தோளிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. உள்ளே இருந்த, தூரத்துக் காட்சியைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் பழுதாகிவிட்டது. உங்கள் சேவை மையத்துக்கு எழுதினேன். "அதிக எடை வைத்ததால் உடைந்திருக்கலாம். பையின் துணி 1680 டெனியர், உறுதியானது. தயாரிப்பில் குறை இல்லை" என்று பதில் வந்தது. பையையும் கேட்கவில்லை, உடைந்த கொக்கியின் படத்தைக்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பையை நான் அவசரப்பட்டு வாங்கவில்லை. இதற்கு முன் முதுகுப் பைதான் வைத்திருந்தேன். ரொம்ப தூரம் நடக்க அதுபோல வசதி வேறு இல்லை, எடை இரண்டு தோளுக்கும் பிரிந்துவிடும். ஆனால் லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றித் தரையில் வைத்து ஜிப்பைத் திறக்க வேண்டும். நான் பெரும்பாலும் விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுக்கிறவன். புல் ஈரமாக இருக்கும், பக்கத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டே இருப்பார்கள். குனிந்து நிமிர்வதற்குள் எடுக்க வேண்டிய படம் போய்விடும். தோள் பை இடுப்போடு தொங்கும். முன்னால் இழுத்துவிட்டு நின்ற இடத்திலேயே லென்ஸை மாற்றிக்கொள்ளலாம். எடை முழுவதும் ஒரு தோளில் விழும் என்பது தெரியும். தெரிந்தேதான் தோள் பைக்கு மாறினேன்.

உங்கள் பையில் எனக்கு முதலில் பிடித்தது மூடி. சில பைகளில் மூடி நம் உடம்பை நோக்கித் திறக்கும், கை உள்ளே போகிற வழியில் குறுக்கே நிற்கும். உங்கள் மூடி வெளிப்பக்கமாகத் திறக்கிறது. மூடியில் வெல்க்ரோ வைக்காமல் ஜிப்பும் ஒரு பக்கிளும் மட்டும் வைத்திருப்பதும் நல்ல ஏற்பாடு. அமைதியான அரங்கில் வெல்க்ரோவைப் பிய்த்தால் எல்லாத் தலையும் நம் பக்கம் திரும்பும். கேமராவைத் தோளில் மாட்டி வேலை பார்த்தவர் யாரோ இதை வடிவமைத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

அப்புறம் அளவு. எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: 70-200 லென்ஸை மாட்டிய நிலையிலேயே கேமரா பைக்குள் படுக்க வேண்டும். என்னுடையது கேனன் 5டி மார்க் 4. எஃப் 2.8 வகை (எஃப் எண் என்பது ஒளி நுழையும் துளை எவ்வளவு விரியும் என்பதற்கான குறி) 70-200 லென்ஸ் மட்டுமே கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் நீளம். கேமராவின் பாடியில் மாட்டி, லென்ஸ் முனையிலிருந்து, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ரப்பர் வரை அளந்தால் 27 சென்டிமீட்டரைத் தாண்டும். லென்ஸ் முனையில் வெளிச்சம் மறைக்க மாட்டும் ஹூடைத் திருப்பி மாட்டிக்கொண்டால் நீளம் கூடாது, பருமன்தான் கூடும்.

உங்கள் விற்பனைப் பக்கத்தில் "உள்ளளவு" என்ற தலைப்பின் கீழ் நீளம் 30 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது. அகலமும் உயரமும் அதன் பக்கத்தில் இருந்தன. நான் அதோடு விடவில்லை. பழைய அட்டைப் பெட்டி ஒன்றை வெட்டி, நீங்கள் கொடுத்த மூன்று அளவிலும் ஒரு பெட்டி ஒட்டினேன். அதற்குள் லென்ஸ் மாட்டிய கேமராவை வைத்தேன், பக்கத்தில் கிட்டக் காட்சிகளை அகலமாக எடுக்கும் 24-70 லென்ஸ், ஃபிளாஷ், உபரி பேட்டரிகள். எல்லாம் பிடித்தது. லென்ஸ் முனைக்கும் அட்டைக்கும் நடுவே இரண்டு விரல் அளவுக்கு இடமும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஆர்டர் போட்டேன்.

பை வந்தது. கேமரா நுழையவில்லை. கோணலாக வைத்துப் பார்த்தேன், தடுப்புகளையெல்லாம் எடுத்துவிட்டு வைத்துப் பார்த்தேன், மூடி மூடவே இல்லை. டேப்பை எடுத்து அளந்தால் உள்ளே 26.5 சென்டிமீட்டர்தான். வெளிப்பக்கம் அளந்தேன், அங்கே சரியாக 30 இருந்தது. இரண்டு பக்கத்துப் பஞ்சும் சேர்ந்து 3.5 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. அதாவது, வெளியளவை எடுத்து உள்ளளவு என்று போட்டிருக்கிறீர்கள். அகலத்திலும் உயரத்திலும் இதே கதைதான்.

அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பை வந்த மறுநாளே நான் வெளியூரில் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. திரும்பி வருவதற்குள் திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது. சரி, லென்ஸைக் கழற்றி வைத்து ஒப்பேற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அன்றிலிருந்து கேமராவில் 24-70, பக்கத்துத் தடுப்பில் 70-200 என்றுதான் எடுத்துப்போகிறேன். இதனால் எவ்வளவு நஷ்டம் என்பது படம் எடுப்பவருக்குத்தான் தெரியும். கொக்கி உடைந்த அன்றும் காலையில் முதல் ஓட்டப் பந்தயத்தின் கடைசி 20 மீட்டரை நான் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு கையில் லென்ஸும் இன்னொரு கையில் அதன் பின்மூடியுமாக நின்றுகொண்டிருந்தேன். முதலில் வந்த பெண் கோட்டைத் தொட்டுக் கையை உயர்த்தியதைக் கண்ணால் மட்டும்தான் பார்த்தேன்.

இனி கொக்கி. போட்டி முடிந்து வாசலை நோக்கிச் சமதளத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை, பையை வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. "டக்" என்று சத்தம் கேட்டது, தோள் லேசானது, பை கீழே கிடந்தது. வாரின் துணி அப்படியே இருந்தது. தையல் ஒரு நூல்கூட விடவில்லை. பையில் தைத்திருக்கும் வளையமும் நன்றாகவே இருந்தது. உடைந்தது வாரின் முனையில், சுழல்வதற்காக வைத்திருக்கும் கொக்கியின் கழுத்து.

அந்தத் துண்டை வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெளியே கறுப்புப் பூச்சு, பார்க்க இரும்புபோல இருக்கிறது. உடைந்த இடத்தில் சாம்பல் நிறம், சர்க்கரைக் கட்டி உடைந்ததுபோலப் பொடிப்பொடியாக. ஓரமாகக் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குழி. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் அழுத்திச் செய்யும் கொக்கிகளில், உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் இப்படிக் குழி விழும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஏற்கெனவே மெல்லிய கழுத்துக்குள் அந்தக் குழியும் இருந்தால், தினமும் வரும் சின்னச் சின்ன இழுப்பிலேயே விரிசல் விட்டு ஒருநாள் முறிந்துவிடும். மற்ற முனையில் இருக்கும் கொக்கியைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், அதன் கழுத்தும் தளர்ந்து ஆடுகிறது. படங்களை இதோடு இணைத்திருக்கிறேன்.

"அதிக எடை" என்கிறீர்கள். பையில் இருந்த ஒவ்வொன்றையும் எடை போட்டேன். கேமரா பேட்டரியோடு 890 கிராம். 70-200 லென்ஸ் 1490 கிராம், 24-70 லென்ஸ் 805 கிராம். பிறகு ஃபிளாஷ், அதன் நான்கு பேட்டரி, உபரி பேட்டரி, கார்டு பெட்டி. எல்லாம் சேர்த்து 4 கிலோவை ஒட்டி வந்தது. வெறும் பை 1.4 கிலோ. ஆக, இரண்டு கொக்கியும் சேர்ந்து தாங்கியது ஏறக்குறைய 5.4 கிலோ. ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு ஃபிளாஷ் என்பது படம் எடுப்பவர் சாதாரணமாக எடுத்துப்போவது. உங்கள் விளம்பரப் படத்தில் இதே பைக்குள் இரண்டு கேமராவும் மூன்று லென்ஸும் இருக்கின்றன! அதைவிடக் குறைவாக வைத்தவனிடம் அதிகம் வைத்தாய் என்றால் எப்படி?

எத்தனை கிலோ வரை வைக்கலாம் என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. விற்பனைப் பக்கம், பையில் தொங்கிய அட்டை, உத்தரவாதச் சீட்டு மூன்றையும் வரிவரியாகப் படித்துவிட்டேன். எடை வரம்பு என்ற சொல்லே இல்லை. வரம்பு சொல்லாமல் வரம்பு மீறினேன் என்று சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டெனியர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். 1680 டெனியர் என்றால் நூல் தடிமனானது என்று அர்த்தம். துணி லேசில் கிழியாது, ஒப்புக்கொள்கிறேன், கிழியவும் இல்லை. ஆனால் உடைந்தது உலோகம். கொக்கியைப் பற்றிய கேள்விக்குத் துணியைப் பதிலாகச் சொல்லக் கூடாது.

தோள் பையில் மற்ற எது போனாலும் சமாளிக்கலாம். ஜிப் ஒன்று சிக்கினால் மூடியைப் பக்கிளில் மாட்டிக்கொள்ளலாம், ஒரு தடுப்பு பிய்ந்தால் துணியைச் சுற்றி வைக்கலாம். முதுகுப் பையில் ஒரு வார் அறுந்தால்கூட இன்னொன்று தாங்கும். தோள் பையில் மொத்த எடையும் ஒரு வாரில் தொங்குகிறது, அந்த வார் இரண்டு கொக்கியில் தொங்குகிறது. ஒன்று போனால் எல்லாம் போச்சு. அதனால்தான் சில பைகளில் வாரைப் பையின் அடி வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து தைக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா இன்குவைரர் நாளிதழில் புகைப்படக்காரராக இருந்த ஜிம் டோம்கி, 1970களில் தன் வேலைக்கென்றே ஒரு கான்வாஸ் தோள் பையை வடிவமைத்தார். அது பிறகு பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பலரின் தோளுக்குப் போனது. சுமப்பவரின் கஷ்டம் தெரிந்து செய்த பை என்பதால் போனது. உங்கள் மூடியில் அந்த அக்கறையைப் பார்த்தேன். பையிலேயே முக்கியமான கொக்கியில் அது இல்லை.

லென்ஸின் நிலையைச் சொல்கிறேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் துளையை முழுவதும் விரித்து, எஃப் 2.8-இல் ஒரு சுவரை நேராக எடுத்துப் பார்த்தால் வலது பாதி தெளிவாகவும் இடது ஓரம் கலங்கியும் விழுகிறது. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடித் தொகுதி இடம் மாறியிருக்கிறது என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். பையின் பக்கங்களில் தடிமனாகப் பஞ்சு வைத்த நீங்கள் அடியில் அரை சென்டிமீட்டர்தான் வைத்திருக்கிறீர்கள். விழுந்தால் முதலில் அடி வாங்குவது அந்த இடம்தானே? அந்தப் பஞ்சும் தண்ணீரை உறிஞ்சுகிறது. போன மாதம் ஒரு மழையில், உங்கள் மழையுறையைப் போட்டிருந்தும், வார் வெளியே வரும் மூலை வழியாக ஈரம் இறங்கி உள்பக்கம் காய மூன்று நாள் ஆனது. ஈரப் பையில் லென்ஸை வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதை இங்கே பெரிதுபடுத்தவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இவைதான். பையின் முழு விலையையும் திருப்பித் தாருங்கள். அதே கொக்கியோடு வரும் இன்னொரு பை எனக்கு வேண்டாம். லென்ஸைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், பழுதுபார்ப்பவர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டை இணைத்திருக்கிறேன். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் உள்ளளவை உடனே திருத்துங்கள். பஞ்சுக்கு உள்ளே, தடுப்புகள் போட்ட பிறகு எவ்வளவு இடம் இருக்கிறதோ அதைப் போடுங்கள். எத்தனை கிலோ வைத்துச் சோதித்தீர்கள் என்பதையும் பையிலேயே அச்சிடுங்கள். சோதிக்கவே இல்லை என்றால் முதலில் சோதியுங்கள்.

இதோடு இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். இதே பையை வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களின் முகவரி உங்களிடம் இருக்கிறது. கொக்கியின் கழுத்தைப் பார்க்கும்படி அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், மாற்றுக் கொக்கி அனுப்புங்கள். என் லென்ஸ் விழுந்தது இடுப்பு உயரத்திலிருந்து. மாடிப்படியிலோ பாலத்திலோ நிற்கும்போது யாருக்காவது இப்படி நடந்தால், கீழே யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.

15 நாட்களுக்குள் பதில் வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்த ஒருவரே பதில் எழுத வேண்டும், அந்தப் பழைய பதிலே திரும்ப வரக் கூடாது. பில், பையை உள்ளும் வெளியும் டேப் வைத்து அளந்த படங்கள், சேவை மையத்தின் பதில் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. உடைந்த கொக்கியின் இரண்டு துண்டுகளையும் ஒரு சின்ன டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் தொழிற்சாலையில் பார்க்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். பார்த்த பிறகு எனக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்